நீ சாய்ந்திருந்த சுவர்

போன மாதம் பனச்சமூட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது திடீரென்று மழை பிடித்தது. கோடை மழை; ஆளை நனைக்கும் முன்பே நின்றுவிடுகிற ரகம். சந்தை ஓரத்தில் மரச்சீனிக் கிழங்கு விற்கிறவர் கிழங்கை மட்டும் அவசரமாக உள்ளே இழுத்துப் போட்டார். கிழங்கு வந்த சாக்குகள் வெளியே கிடந்தன. காலையிலிருந்து வெயிலில் கிடந்து சுட்டுப்போன சணல் சாக்குகள். முதல் துளிகள் விழுந்ததும் அவற்றிலிருந்து அந்த மணம் எழுந்தது. எந்த மணம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வெள்ளறடைக்குப் போகிற பஸ் வந்தது. கண்டக்டர் என் முகத்துக்கு நேராக ஊர்ப்பெயரைக் கத்திப் பார்த்துவிட்டு விசில் அடித்தான். நான் ஏறவில்லை. என் பையில் சுத்தியலும் உளியும் இருந்தன. உன் வீட்டு முன்சுவரின் பூச்சை உடைத்து எடுக்கத்தான் நான் போய்க்கொண்டிருந்தேன்.

உன் மனைவி ஷீபா அதைப் பல தடவை கேட்டுவிட்டாள். "அண்ணே, இடவப்பாதி பெருமழைக்கு முன்ன அந்தப் பூச்ச எடுத்துத் தரணும். கட்டிலு கிடக்க சுவரு முழுக்க ஈரமாக்கும். பிள்ளைக்கு மூச்சிளுப்பு விடமாட்டேங்கு. அந்த ரூமுல கிடத்தாதிங்கன்னு டாக்டரு சொல்லுதாரு. எனக்கு வேற ரூமு எங்க இருக்கு?" ஒவ்வொரு தடவையும் வேறு வேலை இருப்பதாகச் சொல்லித் தட்டிவிட்டேன். கடைசியில் அவள், "உங்களுக்கு மனசு வரல்லன்னா சொல்லிருங்க. நான் வேற ஆளப் பாக்கேன்," என்றாள். வேறு ஒருவன் உன் சுவரில் உளி வைப்பதை நினைத்துப் பார்த்தேன். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

சொல்லிவிட்டு, பஸ் நிறுத்தத்தில் சாக்கு மணத்தில் நின்றேன்.

நாம் இருவரும் ஊரிலேயே பூச்சு வேலை கற்றவர்கள். ஆனால் நம் ஊர்ச் சுவருக்கு எதிரி மழை. நாம் பிழைக்கப் போன கல்ஃபில் எதிரி வெயில். பாலைவனத்துக்கு நடுவே மதில் கட்டி, உள்ளே ஒரே மாதிரி வரிசையாக வில்லாக்கள். எல்லாம் மணல் நிறம். வெளியே சொரசொரப்பான தடித்த பூச்சு, மேலே தட்டையான கைப்பிடிச் சுவர், ஒரு சன்ஷேடு கிடையாது. படத்தில் பார்க்க என்ன அழகு. பக்கத்தில் போனால்தான் தெரியும். பகலில் வெந்து விரிந்து, இரவில் குளிர்ந்து சுருங்கி, சன்னல் மூலை ஒவ்வொன்றிலிருந்தும் கோணலாக ஒரு வெடிப்பு கிளம்பியிருக்கும். புல்தரைக்குத் தண்ணீர் தெளிக்கிற குழாய் சுவரின் அடியையும் நனைத்து நனைத்து, அங்கே உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும். மணல்காற்று அடித்த பக்கம் பூச்சு தேய்ந்து பொடியாக உதிரும். அந்த வில்லாக்கள் அழகாக நின்றது நன்றாகக் கட்டியதால் அல்ல. நாம் வருஷம் முழுக்க விடாமல் ஒட்டுப்போட்டுக்கொண்டே இருந்ததால்.

நீ பூச்சுக் கரண்டியைத் திருப்பிப் பிடித்து, பிடியால் சுவரைத் தட்டிக்கொண்டே நடப்பாய். கெட்டியான இடம் ஒரு சத்தம், பூச்சு சுவரை விட்டுப் பிரிந்த இடம் வேறு சத்தம். "கேட்டியா மக்கா? உள்ள வெறும் காத்தாக்கும். பெரிய வீட்டுக்காரனுக்க பேச்சு மாதிரி." அந்த இடத்தைச் சதுரமாக வெட்டி எடுத்து, நனைத்து, முதல் பூச்சு, அது இறுகியபின் இரண்டாவது, அப்புறம் நிறம் கலந்த மேல்பூச்சு. பழைய நிறத்தோடு புதியது ஒட்டிப்போக வேண்டும். அதற்காக உதிர்ந்த துண்டு ஒன்றை எப்போதும் சட்டைப்பையில் வைத்திருப்பாய். கலவையில் கொஞ்சம் எடுத்துக் காயவைத்துப் பக்கத்தில் பிடித்துப் பார்ப்பாய். மாறியிருந்தால் அத்தனையையும் கொட்டிவிட்டு மறுபடி கலப்பாய். ஃபோர்மேனிடம் வசவு வாங்குவோம்.

காலையில் மேற்குச் சுவர், சாயங்காலம் கிழக்குச் சுவர். நிழல் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் வேலை. கேட்கிறவர்களுக்கு நம்மேல் என்ன கரிசனம் என்று தோன்றும். அந்த நிழல் பூச்சுக்கு. வெயிலில் பூசினால் ஈரம் உடனே வற்றி வெடித்துவிடும். சுவருக்குக் கொடுத்த நிழலில் கொஞ்சம் நம்மேலும் விழுந்தது, அவ்வளவுதான்.

பூசி முடித்த இடத்தில் சாக்கு தொங்கவிட வேண்டும். மேலே கயிறு கட்டி, திரைச்சீலை மாதிரி சணல் சாக்கு. அது காயவே கூடாது. காய்ந்துபோனால் அடியிலிருக்கும் பூச்சின் ஈரத்தையும் அதுவே உறிஞ்சிவிடும். நாள் முழுக்க யாராவது ஒருவன் குழாயோடு நிற்க வேண்டும். தண்ணீர் பட்டதும் சாக்கிலிருந்து அந்த மணம் வரும். முதல் கோடையில் அந்த மணத்துக்கு நீ கண்ணை மூடிக்கொண்டு, "பனச்சமூட்டுச் சந்தையில நிக்கது போல உண்டு மக்கா," என்றாய். போன மாதம் நான் பனச்சமூட்டிலேயே நின்றேன். எனக்கு அந்த வில்லாச் சுவர்தான் தெரிந்தது. எங்கே நின்றாலும் நமக்குத் தெரிவது வேறு இடம்தான்.

ஒரு நாள் மதியம் நாம் பூசி முடித்த சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சோறு தின்றோம். மறுநாள் அந்த வீட்டுக்காரம்மா படம் எடுத்து அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தார். மணல் நிறச் சுவரில் வரிசையாக வட்ட வட்டமாக எண்ணெய்க் கறை. நம்முடைய தலைகள். ஃபோர்மேன் நம் ஊர்ப்பக்கத்துக்காரன்தான், நெய்யாற்றின்கரை. வேனிலிருந்து இறங்கும் முன்பே தொடங்கினான். "எண்ணெத் தலையோட ஒருத்தனும் சுவர்ல சாயப்பிடாது. கேட்டாடே? இது உங்க அம்மைக்க வீடில்ல."

நீ முதல் ஆளாகச் சிரித்தாய். "சேட்டா, நம்ம தொட்டு, தடவி, தேய்ச்சு, ஒப்பேத்தின சுவராக்கும். சாய மட்டும் தோஷமா?"

"தோஷம்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். அவனும்கூட. நான் சிரிக்கவில்லை. நம் சாதிக்காரர்களின் நிழல் படக்கூடாது என்று ஒதுக்கிவைத்திருந்த பெரிய வீடுகளைப் பற்றி ஊரில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கடல் தாண்டிப் போயும் நம் தலை தீட்டாகத்தான் இருந்தது. அங்கே அதற்குக் கறை என்று பெயர். அன்று தங்குமிடத்தில் குளிக்கப் போகும்போது நீ சொன்னாய்: "எலே, எனக்குச் சொந்தமா ஒரு சுவரு வேணும். இதே நிறம், இதே சொரசொரப்பு. எண்ணெயத் தேச்சுக்கிட்டு அதில நல்லாச் சாஞ்சு இருக்கணும். எவனும் எழும்புன்னு சொல்லப்பிடாது."

அதுதான் அந்த வீட்டுக்கு நீ போட்ட திட்டம். வேறு ஒரு திட்டமும் இல்லை.

விடுமுறைக்கு வரும்போது பெட்டியில் பிள்ளையின் புதுச் சட்டைகளுக்குள் ஒரு பூச்சுத் துண்டைச் சுற்றிக் கொண்டுவந்தாய். பாலைவனத்து வீட்டுத் துண்டு. இங்கே கிடைக்கிற பாறைப்பொடி மணலில் அந்த நிறம் வரவே வரவில்லை. உதியன்குளங்கரை வரைக்கும் கடை கடையாக அலைந்தாய். அந்த நிறம் வந்த பிறகுதான் பூசினாய். என்னையும் விடுமுறை எடுக்க வைத்துக் கூடவே நிறுத்தினாய். அங்கே போலவே சாக்கும் தொங்கவிட்டாய். ரோட்டில் போன ஆட்டோக்காரன் வண்டியை நிறுத்தியே கேட்டான். "என்ன மக்கா, சுவருக்குக் காய்ச்சலா? போத்தி விட்டிருக்க?"

"ஓ. நூத்திரெண்டு உண்டு. ஈரத்துணி போட்டாக்கும் இறக்கணும்," என்று நீ முகம் மாறாமல் சொன்னாய்.

உன்னிடம் சண்டை போட்டேன், நினைவிருக்கிறதா? சன்ஷேடு வைக்கச் சொன்னேன். சொரசொரப்பை விட்டு மழமழப்பாகத் தேய்க்கச் சொன்னேன். "எலே, இங்க மழை உண்டு. இந்தச் சொரசொரப்பில வெள்ளம் நிக்கும். பாசி பிடிக்கும். நீ தெரியாதவனா?"

உனக்குத் தெரியும். என்னைவிட நன்றாகத் தெரியும். "பாசி பிடிச்சா பிரஷ் போட்டுத் தேய்ப்பேன். வெடிச்சா அடைப்பேன். ரெண்டு வருஷம் கழிச்சு நான் இங்கதானடா இருக்கப் போறேன்? எனக்க சுவர நான் பாத்துக்கிட மாட்டேனா?"

நம் ஆட்கள் எல்லோரும் செய்கிற தப்பு இது. உதியன்குளங்கரையிலிருந்து வெள்ளறடை வரை ரோட்டோரம் பார்த்துக்கொண்டே வந்தால் தெரியும். ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே, வாழைக்கும் தென்னைக்கும் பின்னால், மணல் நிற வீடுகள். சன்ஷேடு இல்லாத, தட்டைத் தலை வைத்த, பாலைவனத்து வீடுகள். எல்லாவற்றின் முகத்திலும் கறுப்பும் பச்சையுமாகப் பாசி வழிகிறது. ஊரில் சிரிக்கிறார்கள். கல்ஃப் காசு வந்து மூளை போய்விட்டது என்கிறார்கள். சிரிக்கட்டும். யாரோ ஒருவருடைய சுவரை வருஷக்கணக்காகப் பழுது பார்த்தவன், அதே சுவர் தனக்கு வேண்டும் என்று நினைக்கிறான். மூளை போனதால் அல்ல. அதைப் பழுது பார்க்க அவன் இங்கே இருப்பதில்லை, அதுதான் விஷயம். நம் ஆட்கள் அங்கே நின்று அந்தச் சுவர்களுக்குத் தண்ணீர் தெளிக்கிறார்கள். இங்கே அவர்கள் சுவர்கள் பாசி பிடிக்கின்றன.

அந்த விடுமுறையில் ஒவ்வொரு சாயங்காலமும் நீ குளித்துவிட்டு, எண்ணெய் சொட்டச் சொட்ட வந்து வாசற்படியில் உட்கார்ந்து சுவரில் தலையைச் சாய்ப்பாய். ஷீபா உள்ளிருந்து கத்துவாள். "புதுச் சுவரு! அதில போயி எண்ணெத் தலையக் கொண்டு வைக்கிய! உங்களுக்குக் கொஞ்சமாவது வெவரம் உண்டா?" நீ கண்ணை மூடிக்கொண்டு, "எழும்பமாட்டேன்," என்பாய். பிள்ளை ஓடிவந்து உன்னைப் போலவே தலையைச் சாய்க்கும். அதன் தலைக்கும் ஒரு சின்னக் கறை விழுந்தது.

நாம் திரும்பிப் போனோம்.

உச்சி வெயிலில் வெளிவேலை வைக்கக்கூடாது என்று அங்கே சட்டம் உண்டு. கோடையில் மதியம் எல்லோரையும் உட்கார வைத்துவிடுவார்கள். சாக்குதான் உட்காராது. உச்சியில்தான் அது சீக்கிரம் காயும். அந்தச் சட்டம் சாக்கு நனைக்கிறவனுக்கு இல்லையா என்று நீ ஒரு தடவை கேட்டாய். ஃபோர்மேன் சொன்ன பதில் எனக்கு அப்படியே காதில் இருக்கிறது. "சுவரு நனைக்கது பணியாடே? செடிக்கு வெள்ளம் ஊத்தது போலத்தான். பூச்சு வெடிச்சா கம்பெனியில நான் பதில் சொல்லணும்."

அன்று எனக்கு வேறு தெருவில் வேலை. மதியம் நீ ஃபோன் செய்தாய். "எலே, எனக்கும் சோறு எடுத்து வை. ஃபோர்மேன் ஃபோனில விளிச்சான். சாக்கு காஞ்சு கிடக்காம். நனைச்சிட்டு வாறேன்."

சோறு எடுத்து வைத்தேன். நீ வரவில்லை. தேடிப் போனபோது சுவரடியில் கிடந்தாய். குழாயிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, புல்தரைக்குப் போய்க்கொண்டிருந்தது. சாக்கு முழுக்க ஈரம். நீ நனைத்து முடித்திருந்தாய்.

தாளில் இதயம் நின்றுவிட்டது என்று எழுதினார்கள். இயற்கை மரணம். எந்த மனிதனுக்குத்தான் இதயம் நிற்காமல் சாவு வரும்? எதற்காக நின்றது என்று எழுத அந்தத் தாளில் இடமில்லை. ஃபோர்மேன் என் தோளில் கை போட்டு, "அவனுக்க சமயம் மோனே, நம்ம கையில என்ன உண்டு?" என்றான். கையைத் தட்டிவிட்டேன். உன் உடலோடு ஊருக்குக் கிளம்பும் முன்பு அந்த வில்லாவுக்குப் போய்ச் சாக்கை விலக்கிப் பார்த்தேன். பூச்சு பிரமாதமாக இறுகியிருந்தது. ஒரு மயிரிழை வெடிப்புகூட இல்லை.

உங்கள் சபையின் கல்லறைத் தோட்டத்தில், கர்த்தர் உன்னை இளைப்பாற அழைத்தார் என்று போதகர் சொன்னார். நல்ல மனிதர், ஆறுதலுக்காகச் சொன்னார். ஆனால் உன்னை அழைத்தது யார் என்று எனக்குத் தெரியும். ஃபோனில் அழைத்தான். இளைப்பாற அழைக்கவில்லை. கூட்டத்தில் நின்று நான் இதைச் சத்தமாகவே சொன்னேன். என் அப்பா என் வாயைப் பொத்தி இழுத்துக்கொண்டு போனார். அதன்பின் நான் கல்ஃபுக்குத் திரும்பிப் போகவில்லை. இங்கேதான், நம் பக்கத்து வீடுகளில், பாசி பிடித்த பாலைவனத்துச் சுவர்களை ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொண்டிருக்கிறேன். வேலைக்குப் பஞ்சமில்லை.

பனச்சமூட்டில் பிறகு வந்த ஒரு பஸ்ஸில் ஏறி உன் வீட்டுக்குப் போனேன். மழைக்காலங்கள் சுவரை என்ன செய்திருந்தன என்று நீ பார்க்காததே நல்லது. மேலிருந்து கீழ்வரை கறுத்த பச்சை. வாசற்படிக்குப் பக்கத்தில், ஒரு ஆள் உட்கார்ந்தால் தலை வருகிற உயரத்தில், அங்கே மட்டும் பாசி இல்லை. எண்ணெய் குடித்த இடத்தில் தண்ணீர் ஒட்டவில்லை போலிருக்கிறது. உன் தலையளவு வட்டம், நீ அலைந்து திரிந்து கண்டுபிடித்த அதே நிறத்தில். அதற்குக் கீழே பிள்ளையின் தலை, சின்னதாக.

அதை விட்டுவிட்டு மேலிருந்து தொடங்கினேன். சுத்தியல் எகிறியது. அவ்வளவு இறுக்கம். சாக்கு போட்டு நனைத்த பூச்சு அல்லவா! ஆட்டோக்காரன் சிரித்ததும், நீ காய்ச்சல் என்று சொன்னதும் எல்லாம் அதற்குள் இறுகிக் கிடந்தது. கை மரத்துப்போகும்வரை அடித்தேன். உன்னைத் திட்டிக்கொண்டே அடித்தேன். ஒரு சன்ஷேடு வைத்திருக்கலாமே, பாவி.

கடைசியில் அந்த இடம் மட்டும் மிச்சம். சுற்றி வெறும் செங்கல். நான் உளியைக் கீழே வைத்தேன். "ஷீபா, இது மட்டும் நிக்கட்டு. சுத்தி நான் பூசிக்கிடுதேன். இங்க ஈரம் இறங்காது."

அவள் முந்திரி ஆலைக்குப் போய்விட்டு வந்த களைப்பில் வாசலில் நின்றிருந்தாள். "எதுக்கு? சட்டம் போட்டு மாட்டி வைக்கவா?"

நான் கீழே கிடந்த சில்லுகளைக் காலால் ஒதுக்கினேன்.

"இந்தக் கறைக்காக நான் எத்தன சண்டை போட்டிருக்கேன் தெரியுமா அண்ணே? சோப்பு போட்டுத் தேச்சிருக்கேன். போகல்ல." அவள் வந்து சுத்தியலை எடுத்துக்கொண்டாள். "அவிய போன பிறவு இதில நானும் சாஞ்சு பாத்தேன். எண்ணெ மணம் கொஞ்ச நாளு இருந்தது. பிறவு அதுவும் இல்ல. இப்ப வெறும் சுவராக்கும். பிள்ளைக்க நெஞ்சுக்குள்ள இருந்து வாற சத்தத்த ராத்திரி நானில்லா கேக்கேன்."

முதல் அடி குறி தப்பியது. இரண்டாவதில் வெடித்தது. பிறகு அவள் நிறுத்தவில்லை. சில்லுகளை அவளே கூட்டி அள்ளி, ஈரமான பள்ளத்தில் கொட்டி மிதித்துச் சமன் செய்தாள். ஒரு துண்டையும் எடுத்து வைக்கவில்லை. எடுத்துவைக்க நினைத்தவன் நான்தான். அவள் பார்த்துக்கொண்டிருந்ததால் என்னால் முடியவில்லை.

புதுப் பூச்சை மழமழப்பாகத் தேய்த்தேன். மேலே சன்ஷேடு நீட்டினேன். என்ன நிறம் என்று கேட்டேன். "பச்சை அடிச்சிருங்க. பாசி வந்தாலும் தெரியாதுல்லா," என்று ஷீபா சிரித்தாள். நீ போன பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் மேட மாதத்து வெயில் உச்சிக்கு ஏறியது. மழை வருவதாகக் காணோம். நான் பலாமரத்து நிழலில் இருந்தேன். ஷீபா வாளியில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு சுவர்ப்பக்கம் போனாள். எழுந்து ஓடிப்போய் வாளியைப் பிடுங்கினேன். தண்ணீர் அவள் சேலையெல்லாம் சிந்தியது.

"என்ன அண்ணே? காஞ்சு கிடக்குல்லா. வெடிச்சிராதா?"

"உச்சிக்கு வேண்டாம்."

"அவிய அப்பிடித்தான சொல்லுவாவ. சுவரு காயப்பிடாதுன்னு."

"வெடிச்சா வெடிக்கட்டு ஷீபா. நான் வந்து அடைச்சுத் தாறேன்."

நீ எப்படிப் போனாய் என்பது அவளுக்குத் தெரியும், நான்தான் சொன்னேன். சாக்கைப் பற்றியும் சொல்லியிருக்கிறேன். சேலையைப் பிழிந்துகொண்டு வந்து நிழலில் உட்கார்ந்தாள். வெயில் தாழ்ந்த பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சுவரை நனைத்தோம்.

இப்போது நான் போகிற வீடுகளிலெல்லாம் இதுதான் வழக்கம். உச்சியில் வாளியைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். என்னோடு வேலைக்கு வருகிறவர்களும் அதைத் தொடமாட்டார்கள். வீட்டுக்காரர்கள் கோபப்படுகிறார்கள். பூச்சு கெட்டுவிடும் என்கிறார்கள். அவர்கள் சொல்வது சரிதான், கொஞ்சம் கெடும். "அப்ப நீங்க வந்து வெயில்ல நில்லுங்க," என்கிறேன். இதுவரை ஒருவரும் வந்து நிற்கவில்லை. உன்னிடமிருந்து எனக்கு மிச்சம் இதுதான். உன் கைநேர்த்தி எனக்கு வராது. நிறம் சேர்க்கிற உன் கண்ணும் எனக்கு இல்லை. "வெடிச்சா அடைப்பேன்" என்று நீ உன் வாசலில் நின்று சொன்னாயே, அந்த வாக்கு மட்டும் என் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

பிள்ளைக்கு இளுப்பு குறைந்திருக்கிறது. முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். மழை வரட்டும், பார்ப்போம்.

இன்று காலையில் ஷீபா ஃபோன் செய்தாள். "அண்ணே, சன்னல் மூலையில ஒரு வெடிப்பு உண்டு. தலைமயிரு கனம்தான். சுவரில சாஞ்சிருக்கும்போ பிள்ளையாக்கும் கண்டுபிடிச்சது. நீங்க சொன்னதுதான? வந்து அடைச்சுத் தாங்க."

வாறேன் என்று சொல்லியிருக்கிறேன். வெயில் சாய்ந்த பிறகு.